உடன்படிக்கையில் நம் பெயர் எங்கே?

(ஷா ஆலத்தில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



பெரிய யுத்தங்களுக்குப் பிறகு செய்யப்படும் சமாதான உடன்படிக்கைகள் உலகத்தை எப்படி மாற்றியமைக்கின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். செக்ரோல் எழுதுவது என் பிழைப்பு. உலக விவகாரம் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று முதலில் தயங்கினேன். ஆனால் செக்ரோல் எழுதுகிறவனுக்கு ஒரு விஷயம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். பெரட்டில் நின்று, இருட்டோடு காட்டில் இறங்கி, நானூறு மரம் வெட்டிப் பாலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும், அன்றைக்குச் செக்ரோலில் பெயர் விழவில்லையென்றால் மாதக் கடைசியில் அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. நாடுகள் கையெழுத்துப் போடும் உடன்படிக்கைகளைப் படிக்கப் படிக்க, அவையும் ஒரு வகைச் செக்ரோல்தான் என்று எனக்குத் தோன்றிற்று.

முதல் உலக யுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1919-ம் ஆண்டு ஜூன் 28-ம் தேதி வெர்சேல்ஸ் அரண்மனையில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஜெர்மனியின் நிலத்தை வெட்டிப் பங்கு வைத்தார்கள். அதன் குடியேற்ற நாடுகளை வென்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தாங்க முடியாத நஷ்டஈட்டை அதன் தலையில் சுமத்தினார்கள். இதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது, நான் அதில் நேரம் போக்கப்போவதில்லை. அந்த உடன்படிக்கையின் 13-வது பகுதி என்னவென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு பிறந்தது அந்தப் பகுதியில்தான். அதைத் தயாரித்த கமிஷனுக்குத் தலைமை வகித்தவர் சாமுவேல் கோம்பர்ஸ். சுருட்டுத் தொழிலாளியாக இருந்து, அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர். அதே ஆண்டு வாஷிங்டனில் கூடிய முதல் மாநாட்டின் முதல் தீர்மானம், தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை. அந்த எட்டு மணி நேரம் நம்முடைய வெட்டுக்காட்டுக்கு வந்து சேர எத்தனை காலம் பிடித்தது என்பது வேறு கதை. ராஜாக்களும் மந்திரிகளும் உட்கார்ந்த மேசையில் தொழிலாளியின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆகவே ஒரு பகுதி நமக்காக எழுதப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் கூடியிருக்கும் இந்த ஷா ஆலம், 1960-களில் நகரமாக எழும்புவதற்கு முன்னால் சுங்கை ரெங்கம் தோட்டம். இங்கிருந்து கிள்ளான் வரைக்கும் மரமும் லயமுமாக இருந்த மண். இந்தக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில்தான் 1941-ம் ஆண்டு ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்நிற்க நம்மவர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அதே ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். துரைமார்கள் போய்விட்டார்கள். ரப்பரை வாங்குவதற்கு ஆளில்லை. லயங்களில் பசி.

அந்தப் பசியின்மேல்தான் சயாம் ரயில் பாதை போடப்பட்டது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம் என்று சொல்லி ஆள் சேர்த்தான். ஆள் போதாமல் போனபோது, இனாமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றினான். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். பர்மாக்காரர், ஜாவாக்காரர், மற்றவர்கள் எல்லோரையும் சேர்த்து ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்கு மேல் வரும் என்கிறார்கள். அவர்களில் சுமார் 90,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காலராவில், மலேரியாவில், அடியில், பட்டினியில். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கைதிகளின் கணக்கைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. நம் கணக்கைச் 'சுமார்' போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், அவர்களுக்குப் பட்டாளத்துப் பதிவேடு இருந்தது. முகாமில் எத்தனை பேர் செத்தாலும் அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். நம் ஆட்களுக்கு அங்கே எழுதி வைக்க யார் இருந்தார்கள்?

1945-ல் யுத்தம் முடிந்தது. கணக்குத் தீர்க்கும் நேரம் வந்தது. முதலில் அந்தப் பாதையையே விற்றார்கள், தோழர்களே! சயாம் பக்கத்துப் பாதையைப் பிரிட்டிஷ் சர்க்கார் சயாம் சர்க்காருக்கு 12 லட்சத்து 50 ஆயிரம் பவுனுக்கு விற்றது. மலாயா, பர்மா, டச்சு இந்தியா ஆகிய நாடுகளின் ரயில்வேக்களிலிருந்து ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டுபோன தண்டவாளத்துக்கும் வண்டிகளுக்கும் ஈடு அது. நம்முடைய கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளம் அதற்காகப் பெயர்க்கப்பட்டதுதான், இல்லையென்று சொல்லவில்லை. மலாயாவிலும் யுத்த நஷ்டஈட்டுத் திட்டம் ஒன்று வந்தது. அழிந்துபோன சொத்துக்காக அதில் மனுப் போடலாம். தண்டவாளம் சொத்து, யந்திரம் சொத்து, அதைத் தூக்கிச் சுமந்தவன் அந்தப் பட்டியலில் வரவில்லை.

பிறகு பெரிய உடன்படிக்கை வந்தது. 1951-ம் ஆண்டு செப்டம்பர் 8-ம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் 48 நாடுகள் ஜப்பானோடு கையெழுத்திட்டன. அமெரிக்காவின் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்னின்று தயாரித்தது. அப்போது கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. (அந்தச் சண்டையால்தான் ரப்பர் விலை ஏறி, தோட்ட முதலாளிகள் கொழித்தார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.) ரஷ்யாவுக்கும் செஞ்சீனத்துக்கும் எதிராக ஜப்பானை ஒரு தொழிற்சாலையாகவும் பட்டாளத் தளமாகவும் நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் அவசரம். அதே நாளில் இரண்டு நாடுகளும் தனியாகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் செய்துகொண்டன. எனவே, ஜப்பான் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதுதான், ஆனால் முழுதும் கொடுக்க அதற்குச் சக்தியில்லை என்று 14-வது விதியில் எழுதினார்கள். பெரும்பாலான கோரிக்கைகளை, பிரஜைகளின் கோரிக்கைகளையும் சேர்த்து, நேசநாடுகள் கைவிட்டன.

ஆனாலும் ஒரு வாசல் திறந்திருந்தது. ஜப்பான் பிடித்து வைத்திருந்த நாடுகள் தனித்தனியே பேசி வாங்கிக்கொள்ளலாம். சுதந்திரம் பெற்றவர்கள் பேசினார்கள். மாநாட்டுக்கே போகாத பர்மா 1954-ல் 20 கோடி டாலர் வாங்கிற்று. பிலிப்பைன்ஸ் 1956-ல் 55 கோடி டாலர். இந்தோனேசியா 1958-ல் 22 கோடி டாலருக்கு மேல். மலாயா 1951-ல் சுதந்திர நாடல்ல. நமக்காகக் கையெழுத்துப் போட்டது பிரிட்டன். நம்மைப் பெற்ற இந்தியா? அது சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகவில்லை. 1952 ஜூன் 9-ம் தேதி தனியாகச் சமாதானம் செய்து, நஷ்டஈடு வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டது. இலங்கையின் பிரதிநிதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா புத்தர் வாக்கைச் சொல்லி வேண்டாம் என்றார். தோற்றுக் கிடப்பவனை மிதிக்கக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். நான் குறை சொல்லமாட்டேன். மன்னிக்கும் முன்னால், சயாமில் பிள்ளையைப் பறிகொடுத்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

அதே உடன்படிக்கையின் 16-வது விதியைப் பாருங்கள். வேறு நாடுகளில் இருந்த ஜப்பானியச் சொத்தை விற்று, கைதியாகக் கிடந்த நேசநாட்டுப் படைவீரருக்குக் கொடுக்கலாம் என்கிறது. அப்படிச் சேர்ந்த பணத்திலிருந்து பிரிட்டிஷ் சிப்பாய்க்கு 76 பவுன் 10 ஷில்லிங் கிடைத்தது. அற்பப் பணம் என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். 2000-ம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்காரே தன் கஜானாவிலிருந்து ஆளுக்கு 10,000 பவுன் தருவதாக அறிவித்தது. அவர்கள் பட்ட பாட்டுக்கு அது தகும். ஐம்பது வருஷம் சங்கம் கட்டிக்கொண்டு கேட்ட அவர்களுடைய பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். அதே பாதையில், அதே காலராவில் கிடந்த தோட்டத்து ஆளுக்கு 16-வது விதியில் இடமில்லை, ஏனென்றால் அவன் சிப்பாய் இல்லை.

நமக்கும் ஒன்றும் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஜப்பானியர் செய்த கொலைகளுக்கு 'இரத்தக் கடன்' என்று சீன வர்த்தகச் சங்கங்கள் ஓங்கிக் குரல் எழுப்பியதால் பேச்சு நடந்து, 1967-ம் ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி கோலாலம்பூரில் மலேசியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2 கோடியே 50 லட்சம் வெள்ளி. ரொக்கமாக இல்லை, பொருளாக. அந்தக் கணக்கில் மலேசியக் கப்பல் கழகத்துக்கு இரண்டு கப்பல்கள் கிடைத்தன. யுத்தகால வருத்தங்கள் எல்லாம் இத்தோடு முழுதும் முடிவாகத் தீர்ந்தன என்றும் எழுதிக் கையொப்பமிட்டார்கள். நாட்டுக்குக் கப்பல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சயாமுக்குப் போனவனின் பெண்சாதி அந்தக் கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

சில ஆண்டுகளுக்கு முன்னால், ஜப்பான் நமக்கென்று கோடி கோடியாகக் கொடுத்தது, யாரோ இடையில் விழுங்கிவிட்டார்கள் என்று தோட்டமெல்லாம் பேச்சு அடிபட்டது. மனுப் பாரம் நிரப்பிக் காசைத் தொலைத்தவர்களும் உண்டு. அப்படி ஒரு பணம் கொடுக்கவில்லை என்று ஜப்பானியத் தூதரகம் மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் உள்ளது நான் இப்போது சொன்னதுதான். யாராவது பாரம் கொண்டுவந்து காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.

உலகம் மாறியதா என்றால், மாறியது. நஷ்டஈட்டைப் பொருளாகக் கொடுத்த ஜப்பான், அந்தப் பொருளோடு தன் யந்திரங்களுக்கும் இந்தப் பக்கத்து நாடுகளில் வழி திறந்துகொண்டது. 1965-ல் அமைந்த மட்சுஷிடா நிறுவனத்தின் ஆலை இந்த ஷா ஆலத்தில். 1985-ல் மிட்சுபிஷியின் துணையோடு முதல் புரோட்டோன் கார் வெளிவந்ததும் இந்த ஷா ஆலத்தில். தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறிய நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படிப்பட்ட ஆலைகளில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். கொள்ளுத்தாத்தா ஜப்பான்காரனுக்குத் தண்டவாளம் சுமந்தார், பேத்தி ஜப்பான் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கினாள். இதில் சரி எது, தப்பு எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

என் பாட்டியின் தகப்பனார் 1943-ல் போனவர். அப்போது பாட்டிக்கு ஐந்து வயது. அவர் செத்தார் என்று சொல்ல யாரும் திரும்பி வரவில்லை. ஆகவே பாட்டியின் அம்மா கடைசிவரையில் தாலியைக் கழற்றவில்லை. திதி கொடுக்க நாள் தெரியாது. தீபாவளிக்கு முதல் நாள் படையலில் ஓர் இலை அவருக்கு, அவ்வளவுதான். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000, வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு இருக்கின்றன. நம்மவர்களுக்கு அங்கே ஒரு நடுகல் 2023 மே மாதம்தான் நாட்டப்பட்டது. எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு கல்.

தோட்டங்கள் கைமாறும்போது பழைய செக்ரோல் புத்தகங்களை ஆபீசுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துகிறார்கள். ஓரிடத்தில் நானே பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு, கரையான் பிடித்த குப்பை என்றார்கள். அந்தக் குப்பையில்தான் 1942, 1943-ம் ஆண்டுகளின் பெயர்கள் இருந்திருக்கும். உங்கள் தோட்டத்து ஆபீசில் அப்படிப் புத்தகம் இருந்தால், கிராணிமார்களே, எரிக்க விடாதீர்கள்.

கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் ஒரு மேசையும் ஒரு புதுச் செக்ரோல் புத்தகமும் இருக்கும். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவருடைய பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் போனார், திரும்பினாரா, இந்த நான்கும் சொன்னால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன். வருஷம் தெரியாவிட்டாலும் பெயரைச் சொல்லுங்கள். பெயரும் மறந்துபோயிருந்தால், யாருடைய தகப்பன், யாருடைய அண்ணன் என்று சொல்லுங்கள், அப்படியே எழுதிக்கொள்வோம். கடைசி பஸ் ஆறரைக்கு. ஆகவே தூரத்திலிருந்து வந்தவர்கள் முதலில் வாருங்கள்.