எழுத்தில் கேட்கும் வினா

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இம்முறை சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். அது பெருங்கடல். ஆதலால் அதில் ஒரு சிறு துறையில் மட்டும் இறங்குகிறோம். மக்களின் பிரதிநிதி எழுத்தில் கேட்கும் கேள்வியும், அமைச்சர் எழுத்தில் தரும் விடையுமே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தங்கவயலில் வாழும் நமக்கு இது அயல் பொருளன்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கங்கள் நின்றன. அதன்பின் நம்மிடம் எஞ்சியவை பெரும்பாலும் கேள்விகளே. குடியிருக்கும் லைன் வீடு யாருக்கு? வர வேண்டிய தொகையில் வந்தது எவ்வளவு? சயனைட் மேடுகளிலிருந்து காற்றடி காலத்தில் வீட்டுக்குள் புகும் தூசுக்குப் பொறுப்பு யார்? இவற்றைத் தேநீர்க் கடையில் கேட்கிறோம். மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும்போதும் கேட்கிறோம். கேட்ட இடத்திலேயே அவை கரைந்துபோகின்றன. விடை கூறியே தீர வேண்டிய ஒருவரிடம், ஏட்டில் நிலைக்கும் முறையில் கேட்பது வேறு.

நம் முன்னோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து இங்கு வந்த காலத்தில் அப்படிக் கேட்கும் இடமே அவர்களுக்கு இல்லை. நிலம் மைசூர் மன்னருடையது. சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியாரோ லண்டனில் இருந்தனர். 1930-ஆம் ஆண்டில் தொழிலாளரின் விரல்ரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். “குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பது ஏன்?” என்பதே அந்த வேலைநிறுத்தத்தின் உட்பொருள் என்று நாம் கருதுகிறோம். ஒரு கேள்வியைக் கேட்பதற்கு அன்று கூலியை இழக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் சட்டசபை உறுப்பினர் அரசைக் கேள்வி கேட்கலாம் என்ற உரிமை 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரியில், முதல் கேள்வியைப் பிங்கா மன்னர் கேட்டார். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்குப் பண்டங்கள் கொடுக்க நேர்வதால் சிற்றூர்க் கடைக்காரர்கள் படும் தொல்லையைப் பற்றியது அது. மன்னர் ஒருவர் மளிகைக்கடைக்காரருக்காகக் கேட்டது நமக்கு வியப்பாகவும் இருக்கிறது, தக்கதாகவும் தோன்றுகிறது. அன்று விடையைக் கேட்டுக்கொண்டு அமர்ந்துவிட வேண்டியதுதான். விடையைத் தொடர்ந்து துணைக்கேள்வி கேட்கும் உரிமை 1909-இல்தான் கிடைத்தது.

இன்றைய முறை இது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு பட்டியலில் ஏறும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று விடை கூற வேண்டும், துணைக்கேள்வியும் வரும். குறியில்லாத கேள்விகள் 230 வரை ஏறும். அவற்றுக்கு எழுத்தில் விடை தந்து அவையின் மேசைமீது வைப்பர். கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். 150 சொற்களுக்கு மிகலாகாது. வாதம், குத்தல், ஊகம் ஆகியவை கூடா. அமைச்சரின் கருத்தைக் கேட்கலாகாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்கலாகாது. நட்சத்திரக் கேள்விக்குப் புகழ் உண்டு. ஆயினும் 20-இல் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழி விடை பெறுவன சிலவே. ஆரவாரமின்றி வேலை செய்வது குறியில்லாத கேள்விதான். அதற்குக் கைதட்டல் இல்லை. செய்தித்தாளில் இடமும் அரிது. ஆனால் புள்ளிவிவரமும் தேதியும் ஆணை எண்ணும் அதில்தான் வெளிவருகின்றன.

அமைச்சர் தந்த விடை தவறானது என்று உறுப்பினர் கருதினால், சபாநாயகரின் கட்டளைகளுள் 115-ஆவதன்படி அதனைச் சுட்டிக்காட்டலாம். அமைச்சர் திருத்த நேரும். வேண்டுமென்றே அவையைத் தவறான வழியில் செலுத்தினால் அது உரிமை மீறல். “தகவல் திரட்டப்பட்டு வருகிறது, மேசைமீது வைக்கப்படும்” என்று அமைச்சர் கூறும் விடையைக் கேட்டு நாம் சலித்துக்கொள்கிறோம். அது சலிக்கத்தக்க விடையன்று. அவ்வாறு கூறியது ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். அதனை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே 1953-ஆம் ஆண்டு முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருந்து வருகிறது. பலர் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை.

கேள்விக்கு மதிப்பு உண்டு என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று: அதனை விலைக்கு வாங்க முயன்றோர் இருக்கின்றனர்! 1951-ஆம் ஆண்டில், தற்காலிக நாடாளுமன்றத்தின் உறுப்பினரான முத்கல் என்பவர் பம்பாய்த் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று அவர்களுக்காகக் கேள்வி முதலியவற்றைக் கொண்டுவந்தார் என்று விசாரணை நடந்தது. அவரை நீக்கும் தீர்மானத்தை நேருவே கொண்டுவந்தார். முத்கல் அதற்கு முந்திக்கொண்டு பதவி விலகினார். தங்கத்தை வெட்டி எடுத்தவர்கள் நாம். தங்கத்தை விற்றவர்களுக்கோ கேள்வியின் விலை முன்பே தெரிந்திருந்தது. 2005 டிசம்பரில் இதே குற்றத்துக்காக இரு அவைகளிலும் சேர்த்து 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டனர்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு முந்த்ரா விவகாரத்தைக் கூறலாம். 1957-ஆம் ஆண்டில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்னும் தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. செய்தித்தாளில் வந்த குறிப்பைக் கொண்டு ராம் சுபாக் சிங் மக்களவையில் கேள்வி கேட்டார். அரசின் முதல் விடை பிடிகொடாமல் இருந்தது. கேட்டவர்கள் விடவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி விவாதத்தை எழுப்பினார். அவர் ஆளுங்கட்சியின் உறுப்பினர், பிரதமரின் மருமகன். அடுத்து நீதிபதி சாக்ளாவின் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் நம் தமிழகத்தின் பிரதிநிதி, அறிவாற்றல் மிக்கவர். அதனால் விடை கூறும் கடமை அவருக்குக் குறைந்துவிடவில்லை. பெரோஸ் காந்தியின் கையில் கடிதங்களும் தேதிகளும் இருந்தன என்பதையே நாம் கருத்தில் கொள்ள வேண்டும். வெறுஞ்சினத்தோடு எழுந்திருந்தால் அவர் பேச்சு அன்று மாலையே மறக்கப்பட்டிருக்கும்.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று, புலம்பெயர்ந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நம்மை நேராகத் தொடுவது. 2020 செப்டம்பரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டி, நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தையே நீக்கினர். எழுத்து விடைகள் மட்டும் தொடர்ந்தன. ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர் இறந்தனர் என்று மக்களவையில் எழுத்தில் கேட்கப்பட்டது. அத்தகைய விவரம் எதுவும் வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் செப்டம்பர் 14-ஆம் நாள் விடை தந்தது. இழப்பீடு பற்றிய பகுதிக்கு, அக்கேள்வியே எழவில்லை என்றது! ஊர் திரும்பியோர் ஒரு கோடியே நான்கு இலட்சத்துக்கு மேல் என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த அரசுக்கு, இறந்தோரை எண்ணத் தெரியவில்லை.

இதனைத் தோல்வி என்று சிலர் கூறினர். நாம் அவ்வாறு கருதவில்லை. எண்ணவில்லை என்பதை அரசே தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது. அதே வாரத்தில் மாநிலங்களவையில் கேள்வி குறுகிய வடிவில் வந்தது: தொழிலாளருக்கென விடப்பட்ட சிறப்பு ரயில்களில் இறந்தவர் எத்தனை பேர்? ரயில்வே அமைச்சர் 97 என்று விடை தந்தார். ரயிலில் ஒருவர் இறந்தால் காவல்துறை பதிவு செய்யும். பதிவு இருக்கும் இடத்தைப் பார்த்துக் கேட்டால் மறைக்க வழியில்லை. கேள்வி எவ்வளவு அகலமோ, அவ்வளவு எளிதில் விடை நழுவும். “தொழிலாளர் நலனில் அரசுக்கு அக்கறை உண்டா?” என்று கேட்டால், “உண்டு, ஐயா” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். தங்கவயலுக்கு என்று ஒரு தனி இடர் இருக்கிறது. கேள்வியை எந்த வாசலில் கேட்பது என்பதே அது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. அப்போது மைசூர்ச் சட்டமன்றத்தில் கேட்கலாம். கே. எஸ். வாசன், சி. எம். ஆறுமுகம் போன்றோர் நம் ஊரிலிருந்து அச்சட்டமன்றம் சென்றவர்கள். 1962-இல் சுரங்கங்கள் மத்திய அரசின் கைக்குச் சென்றன. 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் ஆயின. அதுமுதல் நிறுவனத்தைப் பற்றிய கேள்வி டில்லிக்குச் செல்ல வேண்டும். ஆனால் குடிநீர், சாலை, மருத்துவமனை, காற்றின் மாசு ஆகியவை பெங்களூரின் பொறுப்பு. வழக்கு நீதிமன்றத்தில் இருந்த ஆண்டுகளில் அதுவே விடை கூறாமைக்கு ஒரு காரணமாயிற்று. உலக அளவில் ஒப்பந்தம் கோரலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2013-இல்தான் வந்தது. மத்திய அரசைக் கேட்டால் அது மாநிலத்தின் பொருள்; மாநிலத்தைக் கேட்டால் அது மத்திய நிறுவனம். இரு வீட்டுக்கும் நடுவில் நின்ற விருந்தாளியாய் நாம் பட்டினி கிடக்கிறோம்.

மொழியும் ஓர் இடரே. அரசியலமைப்பின் 120, 210 ஆகிய பிரிவுகளின்படி, அவையின் மொழிகளில் தம் கருத்தைச் சொல்ல இயலாத உறுப்பினர் தலைவரின் இசைவோடு தாய்மொழியில் பேசலாம். அது பேச்சுக்கு. கேள்வித்தாள் சட்டமன்றத்துக்குக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ செல்வதே நலம். இங்கே பிறந்து கன்னடத்தில் படித்த நம் பிள்ளைகள் பலர் அம்மொழியை அழகாக எழுதுகின்றனர். தமிழ்ச் சங்கம் கன்னடத்தில் எழுதச் சொல்லுவதா என்று மனம் நோக வேண்டாம். குறையைத் தமிழில் உணர்வோம். தீர்க்க வல்லவருக்கு விளங்கும் மொழியில் எழுதுவோம்.

உறுப்பினர்களைக் குறை கூறுவதில் நமக்கு இருக்கும் சுறுசுறுப்பு, அவர்களுக்குச் செய்தி கொடுப்பதில் இல்லை. மக்களவை உறுப்பினர் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பொறுப்பானவர். சாம்பியன் ரீஃபில் எந்த வரிசை வீடுகளில் தூசு அதிகம் என்பது அவருக்கு எவ்வாறு தெரியும்? மாலையும் மனுவும் கொடுக்கிறோம். மனுவில் “ஆவன செய்ய வேண்டுகிறோம்” என்று முடிக்கிறோம். ஆவன எவை என்று எழுதுவதில்லை.

ஆகவே ஒரு மாதிரியை உங்கள் முன் வைக்கிறோம். சயனைட் மேடுகளையே எடுத்துக்கொள்வோம். 13 மேடுகள், ஏறத்தாழ 1,000 ஏக்கர். அவற்றை மீண்டும் வெட்டி எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. “மக்கள் படும் துன்பத்தை அரசு அறியுமா?” என்று நாம் எழுதப் போவதில்லை. சட்டமன்றத்துக்கு இவ்வாறு எழுதலாம்: (அ) 2001-ஆம் ஆண்டுக்குப் பின், மேடுகளைச் சூழ்ந்த குடியிருப்புகளில் காற்றிலுள்ள தூசு எந்தெந்த நாட்களில் அளக்கப்பட்டது, (ஆ) அளந்த இடங்களும் கிடைத்த அளவுகளும் யாவை, (இ) அளக்கவில்லையாயின் அதன் காரணம் என்ன, (ஈ) சிலிக்கோசிஸ் நோய்க்காக முன்னாள் சுரங்கத் தொழிலாளரைச் சோதிக்கும் முகாம்கள் எத்தனை நடந்தன, சோதிக்கப்பட்டோர் எத்தனை பேர்.

மக்களவைக்கு வேறொரு தாள்: (அ) பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனத்தின் நிலத்திலுள்ள மேடுகளை வெட்டுவோருக்கு விதிக்கப்படும் தூசுத் தடுப்பு நிபந்தனைகள் யாவை, (ஆ) அவற்றைக் கண்காணிக்கும் அதிகாரி யார், (இ) முன்னாள் தொழிலாளருக்கு வீட்டுரிமை வழங்கப்பட்ட குடியிருப்புகள் எத்தனை, எஞ்சியவை எத்தனை. இரண்டு தாள்களும் 150 சொற்களுக்குள் அடங்கும். முதல் தாளின் (இ) பகுதியைக் கவனியுங்கள். அளவே எடுக்கவில்லை என்று விடை வந்தாலும், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தொடரில் அடுத்த கேள்வியை எழுதலாம்.

வீட்டுப் பத்திரம், நிறுவனம் தந்த கடிதம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் படிகளை வைத்திருப்போர் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஆண்டையும் நாளையும் தெளிவாக எழுதுங்கள். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்தபின் தேடத் தொடங்கினால் 15 நாள் முன்னறிவிப்புக்கே காலம் போதாது. மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜூலையில் கூடும். தாள்கள் இரண்டும் ஜூன் மாதத்துக்குள் உறுப்பினர்களின் கைக்குச் சேர வேண்டும்.