பிள்ளைகள் அளந்த கிணறு ஊருக்குத் தெரிய வேண்டாமா?

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



உங்க வீட்டுப் பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் கையில் கயிறும் ஒரு கல்லுமாக வந்து, "அப்பா, நம்ம கிணத்துல தண்ணி எத்தனை அடியில கிடக்குன்னு அளக்கணும், டீச்சர் சொன்னாங்க" என்கிறது. "கிணத்துப் பக்கம் போகாதே, போய்ப் பாடத்தைப் படி" என்றுதான் நம்மில் பல பேர் விரட்டி விடுவோம். பிள்ளை தனியாகக் கிணற்றடிக்குப் போகக் கூடாது என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அளக்கிறது வேலையத்த வேலை என்று நினைத்து விடாதீர்கள். அதைப் பற்றியும், அளந்த கணக்கைக் கையில் இருக்கும் செல்போன் வழியாக ஊருக்குக் கொண்டு சேர்ப்பது பற்றியும் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

பள்ளிக்கூடங்களில் அறிவியல் செயல்திட்டம் என்பது புதிது அல்ல. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. பத்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள், தங்கள் ஊரிலேயே இருக்கிற ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, தாங்களே பார்த்து, அளந்து, தாய்மொழியில் எழுதிக் கொண்டு போகலாம். நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்காக வானவில் மன்றம் 2022-இல் தொடங்கப்பட்டது. பசுமைப் படை என்று மரம் நடுகிற பிள்ளைகளையும் பார்த்திருப்பீர்கள்.

குறை எங்கே என்றால், இந்த உழைப்பெல்லாம் ஒரு சார்ட்டு அட்டையில் முடிந்து போகிறது. நடுவர்கள் பார்க்கிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள், அட்டை பள்ளிக்கூட பீரோ மேல் ஏறி விடுகிறது. யாருடைய கிணற்றை அளந்தார்களோ அவருக்கு ஒரு சேதியும் வந்து சேர்வதில்லை. இது எனக்குச் சம்மதமில்லாத காரியம்.

இப்போது ஊருக்கு ஊர் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம் பூப்படம் வருகிறது, கல்யாணப் பத்திரிகை வருகிறது, யாரோ எங்கேயோ அடித்துக்கொண்ட படம் வருகிறது. அதே வழியில் நம் பிள்ளைகளின் கணக்கும் வரலாமே!

எப்படி என்று கேட்கிறீர்களா? ஒரு ஊரில் பன்னிரண்டு திறந்த கிணறுகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆழ்குழாய்க் கிணற்றைக் கயிறு விட்டு அளக்க வராது, அது வேறு சங்கதி. மாதம் முதல் தேதி, மோட்டார் போடுவதற்கு முன்னால், பெரியவர் ஒருவர் கயிற்றை விட வேண்டும். பிள்ளை தள்ளி நின்று அடிக்கணக்கைப் படித்து எழுத வேண்டும். கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு மாதமும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு மாதம் சுவரின் மேலிருந்தும், மறு மாதம் தரையிலிருந்தும் அளந்தால் கிணறு இறங்காமலேயே இறங்கின மாதிரி தெரியும்.

இருபது அடி குறுக்களவு உள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி தண்ணீர் என்பது சுமார் 8,900 லிட்டர். மழையையும் இப்படியே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக, நேராக இருக்கிற ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில், மரத்தடி இல்லாத இடத்தில் வைத்து, தினம் காலை எட்டரை மணிக்கு ஸ்கேல் விட்டுப் பார்த்தால் போதும். வானிலைத் துறைக்காரர்களும் அந்த நேரத்தில்தான் கணக்கெடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் நாலாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே விழுகிறது. 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர்! "நேற்று நல்ல மழை" என்று சொல்வதற்கும், "நேற்று உங்கள் ஒவ்வொரு ஏக்கரிலும் ஒரு லட்சம் லிட்டர் விழுந்தது, வரப்பு உடையாமல் இருந்ததா?" என்று கேட்பதற்கும் எத்தனை வித்தியாசம் பாருங்கள். பிள்ளைகள் குழுவில் போட வேண்டியது இந்த மாதிரிச் சேதிதான்.

"நீரின்றி அமையாது உலகு, தண்ணீரைச் சேமிப்போம்" என்று அழகான எழுத்தில் படம் போட்டு அனுப்பினால் நாம் கைகூப்பிப் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு மோட்டாரைப் போடப் போய் விடுவோம். அதற்குப் பதிலாக இப்படி வரட்டும்: "மார்ச் 1, காலை 6 மணி. 12 கிணறு அளந்தோம். போன மாதத்தைவிட 9 கிணற்றில் இறங்கியிருக்கிறது. அதிகமாக இறங்கியது 6 அடி. மூன்றில் மாற்றமில்லை. அந்த மூன்றும் ஏரிக்குக் கீழே உள்ளவை." படிக்கிறவன் உடனே தன் கிணற்றை நினைப்பான். ஏரியைத் தூர் வாரினால் என்ன என்று தானாகவே பேச்சு வரும். தேதி, இடம், எப்படி அளந்தார்கள் என்ற மூன்றும் இல்லாத சேதி, எத்தனை அழகாக இருந்தாலும், வதந்திக்கு அண்ணன் தம்பிதான்.

வதந்தி என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லியா தர வேண்டும்? 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று செல்போனுக்குச் செல்போன் பொய்ச் சேதி பறந்தது. கறிக்கோழி விலை படுத்து விட்டது. தீவனம் போட்டு வளர்த்தவர்கள் தவித்தார்கள். கோழியால் அந்த நோய் பரவவில்லை. ஆனால் அனுப்பினவன் எவனோ, பணம் போனது பண்ணைக்காரனுக்கு. ஆகவே, சேதியின் தலைமாட்டில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அதைப் பிள்ளைகள் தள்ளி விடக் கூடாது. தாங்கள் பார்த்ததை, தாங்கள் அளந்ததை மட்டும் போடட்டும். ஒரு கணக்குத் தப்பாகி விட்டால், அதைச் சத்தமில்லாமல் அழித்து விடாமல், "நேற்றுப் போட்டது தவறு, சரியான கணக்கு இது" என்று அதே குழுவில் போட வேண்டும்.

குடிதண்ணீர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் என்று பேனா மாதிரி ஒரு கருவி விற்கிறது. தண்ணீரில் விட்டால் எண் காட்டும். அது கரைந்திருக்கிற உப்புகளின் மொத்தக் கணக்குத்தான். அதில் நைட்ரேட் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று அது சொல்லாது. கிருமி இருக்கிறதா என்றும் சொல்லாது. யூரியாவும் சாண எருவும் அளவுக்கு மேல் போட்ட நிலத்துக் கிணறுகளில் நைட்ரேட் ஏறலாம். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தரம். கூடினால் புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு ஆபத்து. காய்ச்சினால் நைட்ரேட் போய்விடும் என்று நினைக்கிறார்கள் சிலர். போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். அதனால் பிள்ளைகள் மீட்டரை வைத்துக்கொண்டு "இந்தக் கிணறு விஷம், அந்தக் கிணறு அமிர்தம்" என்று குழுவில் எழுதி விடக் கூடாது. சந்தேகம் வந்தால் ஆசிரியர் மூலமாகக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் அனுப்பி, அந்த முடிவை முதலில் கிணற்றுக்காரருக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் சொல்ல வேண்டும். ஊர்க் குழுவுக்கு அப்புறம் போகலாம்.

கிணற்றுக்காரர் பெயரையும் போட வேண்டியதில்லை. ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று எழுதினால் போதும். "இவர் தோட்டத்துல தண்ணி அள்ளிக்கிட்டே இருக்காரு" என்று ஒரு பிள்ளை விளையாட்டாக எழுதினாலும், மறுநாள் வரப்பில் மண்வெட்டி தூக்குகிற ஆட்கள் நாம். நமக்கே தெரியும்!

பயிரில் பூச்சி பார்க்கிற வேலைக்கும் இந்தச் செல்போன் நன்றாக உதவும். மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் முதலில் தெரிய வந்து, பிறகு சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளியை வந்து பிடித்தது. அதைத் தின்று அடக்குகிற ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-இல் வயலில் விட்டார்கள். இந்த மாதிரிப் புதுப் பூச்சியை எத்தனை சீக்கிரம் கண்டுகொள்கிறோமோ அத்தனை நல்லது. தோட்டத்தில் புதிதாக ஏதாவது கண்டால், இலையின் அடிப்பக்கம் தெரிய, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் பிள்ளைகள் படம் எடுக்கட்டும். தீப்பெட்டி எதற்கு என்றால், பூச்சி கடுகளவா கொண்டைக்கடலை அளவா என்று படம் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமே! படம் உதவி வேளாண்மை அலுவலருக்குப் போகட்டும். பெயரையும் மருந்தையும் அவர் சொல்லட்டும். குழுவில் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வதைக் கேட்டு அடித்தால் காசும் போகும், நல்லது செய்கிற குளவியும் சாகும்.

மருந்து டப்பாவைப் படம் எடுக்கிற பிள்ளை அதைக் கையால் தொடக் கூடாது. லேபிளில் உள்ள முக்கோணத்தில் சிவப்பு நிறம் இருந்தால் மிகக் கொடிய விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷந்தான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் முகம், முழுப் பெயர், போன் நம்பர் எதுவும் வெளியில் போக வேண்டாம். கிணற்றையும் கயிற்றையும் காட்டினால் போதும். ஆசிரியர் போனிலிருந்தோ அப்பா அம்மா போனிலிருந்தோ அனுப்பட்டும். குழுவில் முகம் தெரியாத யாராவது, "பாப்பா, தனியாப் பேசு" என்று எழுதினால், உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஊர்க்கணக்கு ஊரோடு நிற்க வேண்டியதில்லை. பொங்கல் நாலு நாளும் பதினைந்து நிமிடம் பறவை பார்த்து, பட்டியலை இணையத்தில் சேர்க்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015-லிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது. மாட்டுப் பொங்கலன்று தொழுவத்துப் பக்கம் உண்ணிக்கொக்கு எத்தனை என்று உங்கள் பிள்ளை எண்ணினால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும்.

எல்லார் வீட்டிலும் பெரிய போன் இல்லை என்பீர்கள். இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பிள்ளையே தன் குரலில் ஒரு நிமிடம் பேசி அனுப்பலாம். போனே இல்லாதவர்களுக்கு, பால் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, முதல் தேதிக் கணக்கைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்கட்டும். பால் ஊற்ற வருகிறவர் கேனை இறக்கி வைத்துவிட்டு நிற்கிற நேரத்தில் படித்து விடுவார். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால், மார்கழியில் எத்தனை அடி ஏறியது என்று அதே பலகையில் பார்த்துக்கொள்ளலாம்.