பயமும் நன்றியும்



2021 செப்டம்பர் கடைசியில் இந்த லண்டன் நகரத்தின் பொலிஸ் பெண்களுக்கு ஓர் அறிவுரை சொன்னது. சிவில் உடையில் தனியாக வரும் பொலிஸ்காரர் உங்களை மறிக்கிறார், உங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றால், வழியில் போகிறவரைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், ஓடுங்கள், வருகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துங்கள் என்றது. பொலிஸிடமிருந்து தப்பி ஓடும் வழியைப் பொலிஸே சொல்லிக்கொடுத்த நகரத்தில் நாம் பிள்ளை வளர்க்கிறோம்.

ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது? அந்த வருடம் மார்ச் 3ஆம் திகதி இரவு, சாரா எவரார்ட் என்ற 33 வயதுப் பெண் தெற்கு லண்டனில் நடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வெய்ன் கூஸன்ஸ் என்ற மெட்ரோபொலிட்டன் பொலிஸ்காரன் தன் அடையாள அட்டையைக் காட்டினான். கொரோனா விதியை மீறிவிட்டாய் என்றான். கைவிலங்கு மாட்டிக் காரில் ஏற்றினான். பிறகு நடந்ததைப் பிள்ளைகள் இருக்கும் சபையில் நான் விரிக்க மாட்டேன். சாராவைக் கொன்றதற்காக அவனுக்குச் சாகும்வரை சிறை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்போது பலர் சொன்னார்கள், இது ஒரு கொடியவன் செய்த வேலை, இதற்கு மொத்தப் பொலிஸையும் எப்படிக் குறை சொல்வது என்று. நியாயமான கேள்விதான். ஆனால் கோப்புகளைத் திறந்து பாருங்கள். 2015இல் கென்ற் பகுதியில் ஒருவர், அரைக்குக் கீழே உடையில்லாமல் கார் ஓட்டிய ஓர் ஆணைக் கண்டு முறையிட்டார். கார் இலக்கம் கையில் இருந்தது. கார் கூஸன்ஸுடையது. எவரும் அவனைத் தட்டிக் கேட்கவில்லை. 2018இல் அவன் மெட் பொலிஸில் சேர்ந்தான். துப்பாக்கியும் கொடுத்தார்கள். கொலைக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சாப்பாட்டுக் கடையில் காரில் இருந்தபடியே அங்கே வேலை செய்த பெண்களுக்கு முன் அசிங்கமாக நடந்தான். அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை, முறையிட்டார்கள். இங்கேயும் கார் இலக்கம் இருந்தது. விசாரிக்க ஒரு பொலிஸ் அதிகாரி அந்தக் கடைக்குப் போன நாள் எது தெரியுமா? மார்ச் 3. அன்றிரவுதான் சாரா வீடு போய்ச் சேரவில்லை.

பின்னர் விசாரித்த எலிஷ் அஞ்சியோலினி அம்மையார், இவன் ஒருபோதும் பொலிஸில் இருந்திருக்கக் கூடாதவன் என்று 2024இல் எழுதினார். கூஸன்ஸ் இருந்த அதே பிரிவில் வேலை செய்த டேவிட் கரிக் என்பவனும் 2023 தொடக்கத்துக்குள் மொத்தம் 49 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டான். 17 வருடக் கொடுமை அது. ஒன்பது தடவை அவன் பெயர் பொலிஸின் கவனத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், சம்பளம் எடுத்தான்.

ஆகவே நான் உங்கள் முன் வைப்பது ஒரு கேள்வியைத்தான். ஒரு பொலிஸ் படை நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? எத்தனை கள்வரைப் பிடித்தது என்பதை வைத்து மட்டுமா? சாதாரண மனிதர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்த முறைப்பாட்டை அது என்ன செய்தது என்பதை வைத்துத்தான் நான் சொல்லுவேன்.

இந்த நகரத்தில் ஒரு தாய் கொண்டுபோன காகிதத்தின் கதை இருக்கிறது. 1993 ஏப்ரல் 22, எல்தமில் ஒரு பஸ் தரிப்பிடம். ஸ்டீபன் லோரன்ஸ், வயது 18, கட்டடக் கலைஞராக வர ஆசைப்பட்ட கறுப்பினப் பிள்ளை. வெள்ளை இளைஞர் கும்பலொன்று கத்தியால் குத்திக் கொன்றது. யார் செய்தார்கள் என்று ஊருக்குத் தெரியும். சொன்னவர்களும் இருந்தார்கள். தாய் டொரீன் அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மே 6ஆம் திகதி பொலிஸ் உயரதிகாரியிடம் போனார். அதே நாளில் நெல்சன் மண்டேலா அந்தக் குடும்பத்தைச் சந்தித்து ஆறுதல் சொல்லியிருந்தார். தாய் கொடுத்த தாளை அந்த அதிகாரி மடித்து, மடித்து, இன்னும் மடித்துச் சிறிதாக்கியதை டொரீன் பார்த்துக்கொண்டிருந்தார். கொலை நடந்து இரண்டு வாரமாகியும் அதுவரை ஒரு கைதுகூட இல்லை.

அந்தத் தாயும் தகப்பன் நெவிலும் விடவில்லை. 1999இல் நீதிபதி மக்பர்சன் அறிக்கை வந்தது. தனிப்பட்ட சில பொலிஸ்காரரோடு நிற்காமல், படையின் அமைப்புக்குள்ளேயே இனவாதம் ஊறியிருக்கிறது என்று அது எழுதியது. ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது என்றிருந்த பழைய சட்டமும் பின்னர் மாறியது. 2012 ஜனவரியில் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். பிள்ளை செத்து ஏறக்குறைய 19 வருடம் கழித்து! மற்றவர்கள் இன்றும் தண்டனை பெறவில்லை. இதற்கிடையில் பொலிஸ் என்ன செய்தது? நீதி கேட்ட அந்தக் குடும்பத்தைச் சுற்றி நின்றவர்களிடையே ஓர் உளவாளியை வைத்திருந்தது. 2014இல்தான் அது அரசாங்க ஆய்வொன்றில் வெளிவந்தது. முறையிட்டவரையே எதிரியாகப் பார்க்கும் பழக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

2023இல் மெட் பொலிஸைப் பற்றி லூயிஸ் கேசி அம்மையாரின் அறிக்கை வந்தது. 363 பக்கம். மக்பர்சனுக்குப் பிறகு 24 வருடம் போயும், இனவாதமும் பெண்வெறுப்பும் ஓரினச் சேர்க்கையாளர் மீதான வெறுப்பும் படையின் அமைப்பிலேயே இருக்கின்றன என்று அவர் எழுதினார். ஆணையாளர் மார்க் ரோவ்லி, கண்டவை உண்மை என்று ஒப்புக்கொண்டார், அமைப்பு ரீதியானது என்ற சொல்லை மட்டும் தான் பயன்படுத்த மாட்டேன் என்றார். அந்தச் சொற்போரை விடுவோம். அறிக்கைக்குள் இருக்கும் ஒரு குளிர்பெட்டியைப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடமிருந்து எடுத்த தடயங்களை வைக்கும் பெட்டி. பழையது, பிதுங்க நிறைந்தது. 2022 வெயிலில் அது பழுதாகியது. உள்ளே இருந்த தடயங்களெல்லாம் வீணாயின. ஒரு பெண் எவ்வளவு வேதனையோடு அந்தப் பரிசோதனைக்குச் சம்மதித்திருப்பாள்! அதே காலத்தில் ஆயுதப் பிரிவு தனக்குத் தேவையற்ற உபகரணங்களை வாங்கிக்கொண்டிருந்தது என்று அதே அறிக்கை சொல்கிறது. ஒரு நிறுவனம் யாரை மதிக்கிறது என்பதை அதன் செலவுக் கணக்கில் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு முஸ்லிம் பொலிஸ்காரரின் சப்பாத்துக்குள் பன்றி இறைச்சி போட்டார்கள். ஒரு சீக்கியரின் தாடியைப் பகிடிக்கு வெட்டினார்கள். சீருடை போட்டவருக்கே இந்த மரியாதை என்றால், இரவு பஸ்ஸில் வரும் உங்கள் மகனுக்கு என்ன மரியாதை?

மகள்மாரின் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் ஹக்னியில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்து உடைகளைக் களைந்து சோதித்தார்கள். கஞ்சா வைத்திருக்கிறாள் என்ற சந்தேகம். ஒன்றும் இருக்கவில்லை. மாதவிடாய் நாள். பெற்றோரைக் கூப்பிடவில்லை, அவளுக்காகப் பேச ஒரு பெரியவரும் அந்த அறையில் இல்லை. 2025இல் இரண்டு பொலிஸார் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பம் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திராது.

இனி நம்மைப் பற்றிப் பேசுகிறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1981ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் இங்கே பிரிக்ஸ்டன் எரிந்தது. கறுப்பின இளைஞரைத் தெருத்தெருவாக நிறுத்திச் சோதித்த பொலிஸின் கெடுபிடிதான் அந்த நெருப்பை மூட்டியது. மே 31 இரவு யாழ்ப்பாணம் எரிந்தது. நமது நூலகத்துக்கு நெருப்பு வைத்தவர்களில் பொலிஸாரும் இருந்தார்கள். இங்கே ஸ்கார்மன் பிரபுவின் விசாரணை நடந்தது, அந்த வருடம் முடியுமுன் அறிக்கை வந்தது, 1984இல் பொலிஸ் அதிகாரத்தை வரையறுக்கும் புதிய சட்டம் வந்தது. அங்கே அந்த நெருப்புக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். பொலிஸ் நிலையத்துக்குள் போன பிள்ளை திரும்பி வராத வீடுகள் நம்மிடம் உண்டு. அந்தப் பயம் நம் உடம்போடு கப்பலும் விமானமும் ஏறி வந்தது. இங்கே வந்தால், தெருவில் நிற்கிற பொலிஸ்காரரிடம் துப்பாக்கி இல்லை, வழி கேட்டால் சிரித்துச் சொல்கிறார். உடனே நமக்கு நன்றி பெருகிவிட்டது. இரண்டும் சேர்ந்து நம் வாயைக் கட்டிவிட்டன. பயந்தவர் முறையிட மாட்டார். நன்றிக்கடன் பட்டவரும் முறையிட மாட்டார். வீடு உடைத்துத் தாலிக்கொடியையும் பிள்ளையின் காப்பையும் எடுத்துப் போன பிறகும், "எழுதிக் குடுத்து என்ன வரப்போகுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கும். அந்தத் திருட்டு எந்தப் பதிவிலும் இல்லை. பதிவில் இல்லாத திருட்டுக்கு எந்தப் பொலிஸ்காரரும் ரோந்து வர மாட்டார்.

நாம் கேட்டு வென்றதும் உண்டு. 2009இல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நம் இளைஞர் ஒருவர் உண்ணாவிரதம் இருந்தது உங்களுக்கு மறந்திராது. அவர் களவாக பேர்கர் தின்றார், பொலிஸ் கண்காணிப்பில் அது தெரிந்தது என்று இரண்டு தேசியப் பத்திரிகைகள் எழுதின. நாமே தலை குனிந்தோம், சிலர் அவரோடு பேசாமலும் விட்டார்கள். அவர் நீதிமன்றம் போனார். அப்படியொரு கண்காணிப்பே நடக்கவில்லை என்று பொறுப்பாக இருந்த பொலிஸ் அதிகாரி உறுதிப்படுத்தினார். 2010இல் பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டு 77,500 பவுண் கொடுத்தன. முறையிட ஒரு தமிழர் இருந்தார், உண்மை சொல்ல ஒரு பொலிஸ் அதிகாரி இருந்தார். இந்த இரண்டு பேரும் வேண்டும்.

நல்ல பொலிஸார் இருக்கிறார்கள், மனதாரச் சொல்கிறேன். 2017 மார்ச்சில் நாடாளுமன்ற வாசலில் கீத் பாமர், கையில் துப்பாக்கி இல்லாமலே கத்திக்காரனை மறித்து உயிர் கொடுத்தார். கேசி அம்மையாரிடம் உள்ளே நடக்கும் அநியாயங்களைச் சொன்னவர்களும் பொலிஸார்தான். சகாவின் குற்றத்தைச் சொன்னதற்காக அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். நாம் முறையிடாமல் இருந்தால் நட்டப்படுவது முதலில் அவர்கள். பின்னணிச் சோதனையில் தேறாத பொலிஸ்காரரை வேலையிலிருந்து நீக்க ஆணையாளருக்கு அதிகாரம் இல்லை என்று 2025 பெப்ரவரியில் நீதிமன்றம் சொன்னபோது, விதியை மாற்ற அரசாங்கம் சில மாதங்களுக்குள் முன்வந்தது. பொதுமக்களின் கோபம் அடங்காமல் இருந்ததால் வந்த வேகம் அது.

ஸ்கார்மன் அறிக்கை நமக்கு விட்டுச்சென்ற ஒரு காரியத்தைச் சொல்லி என் பேச்சை முடிக்கிறேன். பொலிஸ் நிலையத் தடுப்பறைகளைச் சாதாரண மக்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அது இன்று சட்டம். இந்த நகரத்தில் அதற்கென்று தொண்டர்கள் இருக்கிறார்கள். இருவர் இருவராகப் போவார்கள். முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை, இரவோ பகலோ போகலாம். அடைத்து வைத்திருப்பவரோடு பேசுவார்கள்: சாப்பாடு கிடைத்ததா, மருந்து கிடைத்ததா, சட்டத்தரணியிடம் பேச விட்டார்களா, மொழிபெயர்ப்பாளர் வந்தாரா? கண்டதை எழுதுவார்கள். சட்டப் பட்டம் தேவையில்லை. 18 வயது வந்து, லண்டனில் வாழ்ந்தாலோ வேலை செய்தாலோ விண்ணப்பிக்கலாம். பயிற்சியை அவர்களே தருவார்கள்.

பொலிஸ் நிலைய வாசலில் மகனுக்காக நாட்கணக்கில் நின்ற தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகும் உரிமையை இந்த நாடு உங்களுக்குத் தந்திருக்கிறது. விண்ணப்பம் மாநகர மேயரின் பொலிஸ் அலுவலகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நிரப்பத் தயங்குகிறவர்களுக்கு, அதோ முன்வரிசையில் இருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் பக்கத்திலிருந்து நிரப்பித் தருவார்கள். தேநீர் குடித்துவிட்டு அவர்களிடம் போங்கள்.