கட்டத்துள் இட்ட எண்

ஜேர்மனியில் ஒன்றரையை 1,5 என்று எழுதுவர், இங்கிலாந்தில் 1.5 என்று எழுதுவர். ஆயிரங்களைப் பிரிக்குமிடத்தும் இம்முறை தலைகீழாகும்: அங்கே புள்ளி, இங்கே காற்புள்ளி. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும்போது, இடமறிந்து பொருள் கொள்வர். கணனிக்கு அவ்வறிவு இல்லை.

கணனித் திரையில், தொகையோ நிறையோ எழுதுவதற்கென ஒரு சிறு கட்டம் காணப்படும். அதனுள் தட்டப்படுவது உண்மையில் எண் அன்று. வெறும் எழுத்து வரிசையே. அதனைப் படித்து எண்ணாக மாற்றுவது ஒரு வேலை. உள்ளிருக்கும் எண்ணை மனிதர் கண்ணுக்கு உகந்தவாறு எழுதிக் காட்டுவது மற்றொரு வேலை. பின்னையது எளிது. வில்லங்கம் எல்லாம் முன்னையதிலேதான்.

ஜாவா என்னும் கணனி மொழியை எடுத்துக்கொள்வோம். எண்ணைப் படிக்கும் கருவி அதிலேயே ஆயத்தமாக உண்டு. அமெரிக்க முறைக்கு அமைந்த அக்கருவியிடம் 1,5 என்று கொடுத்தால், காற்புள்ளியை ஆயிரப் பிரிப்பெனக் கருதித் தள்ளிவிட்டு, வழமையான அமைப்பில் அது பதினைந்து எனப் படிக்கும். பிழையென்று ஒரு சொல்லும் சொல்லாது. அக்கட்டம் மருந்தின் அளவுக்கு உரியதாயின், ஒன்றரை மில்லிகிராம் பதினைந்து மில்லிகிராம் ஆகிவிடும்!

பிரெஞ்சு முறையில் நிகழ்வது இன்னும் விந்தையானது. அங்கு ஆயிரங்களைப் பிரிப்பது ஓர் இடைவெளி. ஆனால் ஜாவா எதிர்பார்ப்பது விசைப்பலகையின் சாதாரண இடைவெளியன்று. வரி அவ்விடத்தில் முறியாமற் காக்கும் தனியிடைவெளி. 2019இல் வெளிவந்த 13ஆம் பதிப்பு முதல் அது இன்னும் ஒடுங்கிய வேறோர் இடைவெளியாயிற்று. கண்ணுக்கு இவை ஏறத்தாழ ஒன்றே. சாதாரண இடைவெளி விட்டு 1 234 என்று எழுதினால், கணனி முதல் இலக்கத்தோடு நின்று, ஒன்று எனக் கொள்ளும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. படிக்கும்போது பிரிப்புக் குறிகளை ஏற்காதிருக்குமாறு கருவியை அமைத்து, வரிசையின் இறுதிவரை அது படித்ததா என்று நிரல் எழுதுவோர் சோதித்தல் வேண்டும். இறுதிவரை படிக்காவிடின் எழுதியதை அழித்தலாகாது. ஜாவாவின் ஆயத்தக் கட்டமொன்று, தனக்குப் பொருந்தாததைக் கண்டால், ஓசையின்றிப் பழைய எண்ணையே திரும்ப வைத்துவிடும். எழுதியவர் மீண்டும் நோக்காவிடின் பழையதே பதிவாகும். இவ்வழக்கம் நல்லதன்று. பிழையை அப்படியே நிறுத்தி, சிவப்பிற் காட்டுவதே நேர்மை.

பிரிப்புக் குறிகளை எப்பொழுது இடுவது? தட்டும்போதே இட்டால் சுட்டி இடம் மாறித் துள்ளும். கட்டத்துட் புகும்போது அவற்றை நீக்கி, வெளியேறியபின் மீண்டும் இட்டுக் காட்டினால், கணனி விளங்கிக்கொண்டது எதுவென்பதை எழுதியவர் அங்கேயே காண்பார்.