பட்டம் பெறுமுன்னே பணிக்கு ஆயத்தம்



கூலி வேலை செய்து, கடன் பட்டு, வயிற்றைக் கட்டி நம் பெற்றோர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். பட்டம் பெற்ற மறுநாளே வேலை வந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆனால் பட்டம் என்பது வாயிற்படியே, வீடு அன்று. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு வழி சொல்ல அலுவலகத்தில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். நம் குடும்பங்களில் கல்லூரிப் படியை முதன்முதல் மிதிப்பவர் நம் பிள்ளையே. ஆகவே, அந்த மாமாவின் கடமையை இச்சங்கமும் ஆசிரியர்களாகிய நாமும் ஏற்றல் வேண்டும்.

முதலாண்டில் செய்யத்தக்கது சான்றிதழ்களைச் செம்மை செய்தல். பள்ளிச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்து, சாதிச் சான்றிதழில் வேறொரு தலைப்பெழுத்து என இருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று இதனைத் திருத்த ஓடுவதால் பயன் யாது? தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010 ஆம் ஆண்டில் வந்தது. அதற்குரிய சான்றினையும் பயின்ற பள்ளிகளில் இப்போதே பெற்று வைத்தல் நலம்.

அவ்வாண்டிலேயே தட்டச்சுப் பயிற்சியும் தொடங்குக. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறியவருக்குத் தட்டச்சர் பணிக்கான வாயில் திறக்கிறது.

இரண்டாமாண்டில் தேர்வெழுதிப் பழகுக. தொகுதி நான்கு தேர்வின் பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும். பட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெற்றால்தான் மற்றப் பகுதியின் விடைகள் மதிப்பிடப்பெறும். எனவே ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களை எறிந்துவிடாதீர். அவையே முதல் துணை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பயிற்சி பெறலாம்.

அரசுப் பணி ஒன்றே வழியன்று. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பெற்ற நான் முதல்வன் திட்டத்தின்கீழ்க் கல்லூரிகளிலேயே திறன் பயிற்சி கிடைக்கிறது. 1974 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தாட்கோவும் நம்மவர்க்குப் பயிற்சிகள் நடத்துகிறது. விடுமுறையில் ஒரு கடையிலோ, தொழிற்கூடத்திலோ, கணக்கர் அலுவலகத்திலோ ஒரு திங்கள் வேலை பழகுதல், நேரம் தவறாமையையும் பிறரோடு அஞ்சாது பேசும் திறனையும் கற்பிக்கும். மூன்றாமாண்டில் நண்பர் ஐவர் கூடி, ஒருவரை ஒருவர் வினவி நேர்காணலுக்குப் பழகுக. ஆங்கிலத்தில் தடுமாறினால் நகைப்போர் அங்கில்லை.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் பயின்று திரும்பி, 1917 இல் பரோடாவில் பணியேற்றபோது, சாதியின் காரணமாகத் தங்குவதற்கு இடம் மறுக்கப்பெற்றார். ஆயத்தம் ஒன்றே எல்லாத் தடைகளையும் நீக்கிவிடும் என்று நாம் கூறவில்லை. சாதி எழுப்பும் சுவரைத் தகர்க்கச் சட்டமும் போராட்டமும் வேண்டும். அச்சுவரின்மேல் நம் கவனக்குறைவும் ஒரு கல்லை ஏற்றலாகாது என்பதே நம் வேண்டுகோள்.

வேலை பெற்ற அண்ணன்மார்களும் அக்காள்மார்களும் திங்களுக்கு ஒரு ஞாயிறு இச்சங்கக் கட்டடத்திற்கு வருக. விண்ணப்பம் நிரப்பவும் வினாத்தாள் விளக்கவும் தம்பி தங்கையர்க்குத் துணை நிற்க. வெள்ளி விழாக் காணும் சங்கத்திற்கு அதுவே தக்க காணிக்கை.