பிரேக் பிடிக்கும் மரபணுக்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இஞ்சினியரைப் பேசச் சொன்னால் பாலம், மோட்டார் என்று ஏதாவது பேசுவான் என நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி. என் அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் மேஸ்திரி. மலத்தோடு ரத்தம் போனது. "மூலம்தான், மோர் குடிங்க, காரத்தைக் குறைங்க" என்றார்கள். வீட்டில் நாங்களும் அதையே சொன்னோம். புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 44. இரண்டு வருஷம்தான் இருந்தார்.

அதன் பிறகுதான் இதைப்பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க நம்ம மலை ரயில்தான் ஞாபகத்துக்கு வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறக்குறைய 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். அவர் கையில் இரண்டு பிரேக்: ஒன்று சக்கரத்துக்கு, மற்றொன்று பல்சக்கரத்துக்கு. ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும்.

நம் உடம்பின் செல்லிலும் இப்படித்தான். செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் மரபணுக்களைப் புற்று அடக்கி மரபணுக்கள் என்கிறார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. பொதுவாக இரண்டும் கெட்டால்தான் ஆபத்து. 1971-ல் குழந்தைகளின் கண் புற்றுநோயை ஆராய்ந்து இந்தக் கருத்தைச் சொன்னவர் அமெரிக்க டாக்டர் நட்சன்.

பெருங்குடலில் பெரும்பாலும் முதலில் கெடுவது 5-வது குரோமோசோமில் உள்ள ஏ.பி.சி. மரபணு. அப்போது குடல் சுவரில் பாலிப் என்ற சின்னச் சதை முளைக்கிறது. அது புற்று அல்ல. அடுத்து 'கே-ராஸ்' என்ற மரபணு, ஆக்ஸிலரேட்டர் அழுத்தியபடியே சிக்கிக்கொண்ட மாதிரி ஆகிறது, பாலிப் பெரிதாகிறது. கடைசியில் 17-வது குரோமோசோமில் உள்ள பி-53 என்ற பிரேக்கும் போனால் வண்டி பள்ளத்தில்தான். 1990-ல் ஃபியரான், வோகல்ஸ்டைன் என்ற இருவர் இந்தப் படிகளை வரிசைப்படுத்திக் காட்டினார்கள்.

இதில் நமக்கு நல்ல சேதி ஒன்று உண்டு. பாலிப் புற்றாக மாற பொதுவாகப் பத்து வருஷம்கூட ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோபியில் கண்டுபிடித்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

சில குடும்பங்களில் ஒரு பிரேக் பிறக்கும்போதே பழுதாக வருகிறது. அதனால் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பே, அல்லது 40 வயதிலேயே, எது முந்தியோ அப்போது பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். என் கணக்குக்கு 34. கோவைக்கு இறங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டேன். ஒரு பாலிப் இருந்தது, எடுத்துவிட்டார்கள். தம்பியையும் கையோடு அழைத்துப்போனேன்.

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், பரம்பரையாகப் புற்றுநோய் வரும் குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனையும் உண்டு.

நண்பர்களே, நமக்கெல்லாம் வயது ஏறுகிறது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, மாறிப்போன மலப் பழக்கம், இளைப்பு – இவற்றில் எது இருந்தாலும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மூலம் என்பதை அவர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.