புகையிலை மெல்லுதல்
(கீழ்பென்னாத்தூர்ச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகையிலை என்னுஞ் சொல் புகைத்தற்குரிய இலை என்றும் பொருள்படும். 'இல்லை' என்பது செய்யுளில் 'இலை' என நிற்குமாதலின், புகை இல்லை என்றும் பொருள்படும். தமிழாசிரியன் வாய் திறந்தால் சொல்லாராய்ச்சியில்தான் தொடங்குவான் என நீங்கள் நகைப்பது தெரிகின்றது. யான் பேச வந்தது அவ்விரண்டாம் பொருளைப் பற்றியே. புகைப்பவனுக்கன்றோ கேடு, மெல்லுபவனுக்கு என்ன என்று கருதியிருப்போர் நம்முட் பலர்.

என் தாய்மாமன் அங்ஙனங் கருதியவர். மல்லாட்டைக் கொல்லையில் வேலை செய்யுங்கால் பசியுங் களைப்புந் தோன்றாதிருக்க இடக் கன்னத்தில் ஒரு துண்டை ஒதுக்கிக்கொள்வார். கடைக்கு ஓடி அதனை வாங்கி வருபவன் யான். துண்டு ஒதுங்கிய அவ்விடத்திலேயே வெண்படலம் ஒன்று தோன்றிற்று. வலியில்லை, ஆதலின் எவரும் அதனைப் பொருட்படுத்தினாரில்லை. ஈராண்டு கழித்து அது புண்ணாயிற்று. கடைசி மாதங்களில் கஞ்சியும் அவருக்கு இறங்கவில்லை.

இஃது எங்கள் குடும்பத்தோடு நின்ற செய்தியன்று. குமரி மாவட்டத்து நெய்யூர் முன்னாளில் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவமனையிற் பணிபுரிந்த பென்டால் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரிற் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908-இல் எழுதி வெளியிட்டார். அவ்வூரிலேயே பணிசெய்த ஆர் என்னும் மருத்துவர், வெற்றிலை மெல்லுவோர்க்கு உண்டாகும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் விரிவாக எழுதினார். நூறாண்டுக்கு முன்னரே நம் நாட்டு வாய்களைக் கண்டு எழுதிய செய்தி நம் காதுக்கு எட்டாமற் போனமை வியப்பே!

உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மெல்லும் புகையிலை முதலியவற்றில் புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் 28-க்குக் குறையாமல் உள்ளன என 2007-இல் வெளியிட்ட நூலிற் கூறுகின்றது. 2016-17-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இப்பழக்கமுடையார் ஏறத்தாழ 20 கோடிப் பேர். வெற்றிலையிற் சேர்க்குஞ் சுண்ணாம்பு, நிகோடின் விரைந்து இரத்தத்திற் கலக்கத் துணைசெய்கின்றது. விட நினைத்தும் விடமுடியாமைக்குக் காரணம் அந்நிகோடினே. மனவுறுதியின்மை என்று இகழ்தல் முறையன்று.

பாக்கு மட்டும் மென்றால் தீங்கில்லை என்பாருமுளர். அதுவும் புற்றுநோய்க்குக் காரணமே. வாய் திறவாதபடி தசையை இறுகச் செய்வதும் அதுவே. ஆயினும் மங்கலப் பொருளாகிய பாக்கை இன்றே நீக்குமாறு கேட்க எனக்குத் துணிவில்லை. அதனை வேறொரு நாள் பேசுவேன்.

2013-இல் தமிழ்நாட்டரசு குட்காவுக்குத் தடைவிதித்தது. நம் வீட்டுத் தாம்பூலத் தட்டைச் சோதிக்க எந்தக் காவலர் வருவார்? ஆதலின் யான் வேண்டுவன சில. நம் சங்கத்தார் இல்லத் திருமணங்களில் தட்டில் புகையிலை வைத்தலாகாது. சிறுவரைக் கடைக்கு அனுப்பி அதனை வாங்குதலும் ஆகாது. வாயில் வெண்படலமோ செம்படலமோ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ கண்டால், வலி வருமளவும் காத்திராமல் திருவண்ணாமலை அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

தலைவரவர்கள் இவற்றைத் தீர்மானமாக ஏற்று, கூட்டம் கலையுமுன் வாக்கெடுக்குமாறு வேண்டுகின்றேன்.